சின்னத்தை இல்லாத ஆல்பம்

கவனக்குறைவாக இருப்பவர்களை உலகம் மன்னித்துவிடும். அளவுக்கு மீறி ஜாக்கிரதையாக இருப்பவர்களை மன்னிக்காது. கல்யாணமான புதிதில் ஒரு இரவல் டிஜிட்டல் கேமராதான் எனக்கு இதைப் புரிய வைத்தது.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் மாமியாரின் தங்கை, சின்னத்தை, இல்லை. மேடையில் குடும்பப் படம் எடுத்தபோது சின்னத்தை பந்தியில் இருந்தார். வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்று அவருக்குக் கோபம். படம் எடுக்கிற நேரத்தில் இலைக்கு முன்னால் என்ன வேலை என்று மாமியாருக்குக் கோபம். எங்கள் வடக்கனந்தலுக்கும் சின்னத்தையின் சின்னசேலத்துக்கும் நடுவே போன் பேச்சே நின்றுபோனது.

என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கல்வராயன் மலை அருவிக்கு எல்லோரும் போவது, அக்காவையும் தங்கையையும் சேர்த்து நிற்க வைத்து ஒரு படம் எடுப்பது, அதை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுவது.

கேமரா என் அண்ணனுடையது. கொடுக்கும்போதே சொன்னான்: "லென்ஸ்ல கை வைக்காத. தண்ணி படாம பாத்துக்க. எடுக்காத நேரத்துல பேட்டரி, கார்டு ரெண்டையும் கழட்டி பத்திரமா வச்சிரு."

வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் கழற்றினேன். தபால்தலை அளவுக் கார்டு தொலைந்துவிடுமோ என்று பயந்து, பீரோவில் நகைகளோடு வைத்துப் பூட்டினேன். (சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.) மறுநாள் காலையில் பேட்டரியை ஞாபகமாகப் போட்டேன். அது இல்லாமல் கேமரா கண்ணைத் திறக்காது என்பதால் வந்த ஞாபகம்.

மலையில் சாரல். கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்கு மேலே குடை. குடையைப் பிடித்திருந்த என் கணவர் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தார்.

"எனக்கும் கொஞ்சம் குடை குடேன்."

"உங்களுக்கு சளி புடிச்சா போயிடும்ங்க. கேமராவுக்குப் புடிச்சா போகாது."

அக்காவும் தங்கையும் நடுவில் ஒரு மினி பஸ் போகிற அளவு இடைவெளி விட்டு நின்றார்கள். அப்போது பாசியில் சின்னத்தையின் கால் வழுக்கியது. மாமியார் பாய்ந்து கையைப் பிடித்தார். பிடித்த கையை இருவருமே விடவில்லை.

"பசி எடுத்தா சாப்டத்தான் போவணும். நான்தான் புத்தி இல்லாம பேசிட்டன்டி," என்றார் மாமியார். இருவர் கண்ணிலும் தண்ணீர்.

நான் விடாமல் எடுத்துத் தள்ளினேன். ஒவ்வொரு படமும் திரையில் ஒரு கணம் அழகாக வந்து மறைந்தது. மூலையில் இங்கிலீஷ் எழுத்து சிவப்பாக மின்னியது.

"அது இன்னாம்மா, செவப்பா எரிஞ்சிக்கினு இருக்குது?" என்று சின்னத்தை எட்டிப் பார்த்தார்.

"கேமராவோட பேரு, சின்னத்தை," என்றேன். (பி.காம்., முதல் வகுப்பு.)

வீடு திரும்பியதும் படங்களை டிவியில் பார்க்க எல்லோரும் உட்கார்ந்தார்கள். என் கணவர் கேமராவின் சின்னக் கதவைத் திறந்து பார்த்தார்.

"கார்டு எங்க?"

"பத்திரமா பீரோல இருக்குதுங்க," என்றேன் பெருமையாக.

பீரோவில் இருக்கும் கார்டில் அருவி எப்படி ஏறியிருக்கும், அந்தச் சிவப்பு எழுத்து 'நோ கார்டு' என்றுதான் மின்னியிருக்கிறது என்று எனக்கு உறைத்தபோது காது சூடாகிவிட்டது.

சின்னத்தை மெதுவாகச் சொன்னார்: "அப்ப இந்த ஆல்பத்துலயும் நான் இல்ல."

போச்சு, மறுபடியும் சண்டை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நானுந்தான் இல்லடி," என்றார் மாமியார். இருவரும் சிரிக்க ஆரம்பித்தவர்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து வெகுநேரம் சிரித்தார்கள்.

அன்று அருவியில் யார் முதலில் அழுதது என்பதற்கு இன்றுவரை சாட்சி இல்லை. தினமும் காலையில் சின்னசேலத்திலிருந்து போன் வரும்.

"நீதான்க்கா மொதல்ல அழுத."

"போட்டோ இருந்தா காட்டுடி," என்பார் மாமியார்.

கூடத்தில் இருக்கிற எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் காப்பி போடப் போய்விடுவேன்.