எருது நூறு பாடியவன் எருது வாங்கப் போன கதை

எனக்கு விரல் விட்டு எண்ணாமல் வெண்பா எழுத வராது. இதை வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. யாப்புக் கற்றவர்கள் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், இந்த அடியில் ஒரு சீர் குறைகிறது என்று. எனக்குக் காது அப்படி அமையவில்லை. முதல் மூன்று அடிக்கு நாலு நாலு சீர், கடைசி அடிக்கு மூன்று, ஆகப் பதினைந்து என்று விரலை மடக்கி மடக்கித்தான் எழுதுவேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது ஓர் அடி தோன்றினாலும் விரல் தானாக நீளும். (பாயசம் கேட்கிறான் என்று நினைத்து நாலு கரண்டி ஊற்றிவிட்டுப் போனவர்களும் உண்டு. அதை நான் திருத்தியதில்லை.)

ஆனால் அதே விரல்கள் ஒரு தடவை எங்கள் குடும்பத்தின் மஞ்சள் வெள்ளாமைக்கே உலை வைக்கப் பார்த்தன.

முப்பதுகளில் நடந்தது. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள். அண்ணனும் நங்கையாவும்தான் எல்லாம். (எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்போம்.) எனக்கு இருபத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் ஒட்டவைத்துவிட்ட வெண்பா வியாதி முற்றியிருந்த சமயம். ‘எருது நூறு’ என்று ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தேன். உழவனின் தோழனாகிய எருதைப் புகழ்ந்து நூறு வெண்பா. கொம்புக்குப் பத்து, திமிலுக்குப் பத்து, நடைக்குப் பத்து. இத்தனைக்கும், கட்டுத்தரையில் சாணி அள்ளச் சொன்னால் எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

எழுதுவதற்கு நேரம் வாங்கிக் கொடுத்தது நங்கையாதான். காலையில் பால் கறந்ததிலிருந்து மாடுகள் கிணற்றில் கவலை இறைக்கப் போகும்வரை ஒரு மணி நேரம் என்னை யாரும் எந்த வேலைக்கும் கூப்பிடக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் என் பங்கு வேலையையும் சேர்த்து அவர்களே செய்தார்கள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. அண்ணனுக்கு இந்த ஏற்பாடு கசப்பு. “நோட்டுல எழுதுனா நெலத்துல வெளையுமா?” என்று போகும்போதும் வரும்போதும் கேட்பார்.

அந்த வருடம் கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டது. மார்கழியில் மஞ்சள் கிழங்கு பெருக்கிற நேரம். தண்ணீர் காய்ந்தால் கிழங்கு சூம்பிவிடும். அந்த நேரம் பார்த்துக் கவலை இழுக்கும் சோடியில் வலத்து மாட்டுக்குக் குளம்பில் சீழ் வைத்துவிட்டது. சரி, அண்ணன் சந்தைக்குப் போய் இன்னொன்று வாங்கி வருவார் என்றால், அவர் காலில் மண்வெட்டி பட்டு, கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடக்கிறார். மிச்சம் இருந்த ஆண்பிள்ளை நான் ஒருவன்.

“பல்லப் பாரு. கொளம்பப் பாரு. சுழி பாரு. பத்தடி நடக்க உட்டுப் பாரு,” என்றார் அண்ணன். “எழுவதுக்கு மேல போவாத. இத ஒழுங்காச் செஞ்சுட்டு வந்தீன்னா உன்ற எழுத்து வேலையில இனி நான் வாயே தொறக்க மாட்டேன். கெடுத்துட்டு வந்தீன்னா நோட்டு அடுப்புக்குப் போயிரும். அப்பறம் அந்த ஒரு மணி நேரமுங் கெடையாது.”

“செரிங்ணா,” என்றேன். எருதைப் பற்றி அறுபத்தாறு வெண்பா முடித்தவனுக்கு எருது வாங்கத் தெரியாதா?

சந்தையில் ஒரு தரகரைப் பிடித்தேன். பிடித்தேன் என்ன, அவர்தான் என்னைப் பிடித்தார். நேராக ஒரு வெள்ளை மாட்டிடம் கூட்டிப் போனார். நாலு பல்லு, தூண் மாதிரி கால்கள். எனக்கே பிடித்துப்போயிற்று.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகர் தம் துண்டை நம் கையின் மேல் போடுவார். துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்துத்தான் பேச்சு. ஒரு விரல் பிடித்தால் பத்து ரூபாய், ஐந்தையும் பிடித்தால் ஐம்பது. சுற்றி நிற்பவன் காதுக்கு ஒன்றும் எட்டாது. தரகர் என் ஐந்து விரலையும் பிடித்து, விட்டு, மறுபடி இரண்டைப் பிடித்தார். எழுபது. நான் அறுபதில் ஆரம்பித்து மெள்ள ஏற வேண்டும். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அந்த மாடு என்னைத் திரும்பிப் பார்த்தது. அதன் கண்ணோரத்தில் நீர் கோத்து நின்றது.

ஐயோ, அவ்வளவுதான். மூன்று வாரமாக மாட்டேன் என்று நின்ற அறுபத்தேழாம் வெண்பா மடை திறந்து வந்துவிட்டது! முதல் அடி வந்ததும் துண்டுக்கு அடியில் என் கை தரகரின் நாலு விரல்களைப் பிடித்தது. நாலு சீர், சரி. இரண்டாம் அடி. மறுபடி நாலு.

“தம்பி, நாப்பதுங்களா?” என்று தரகர் காதில் கிசுகிசுத்தார். அவர் அறுபதுக்கு இறங்கி வந்தார். நான் மூன்றாம் அடியில் இருந்தேன்:

உழவர் துயர்கண் டுருகிநிற்கும் காளையும்

நாலு.

“நாப்பதுலயே நிக்கறீங்களே சாமி!” என்றார். அதற்குள் நான் ஈற்றடிக்குப் போய்விட்டேன். ‘கண்ணீர் வடிக்குமே’ வரைக்கும் வந்தாயிற்று. மூன்றாம் சீர் ஓரசைச் சொல்லாக வேண்டும். ‘பார்’ போடலாமா, ‘கேள்’ போடலாமா? அது கிடைக்கும்வரை அவருடைய மூன்றாவது விரலை நான் விடவேயில்லை.

“முப்பதுக்கு எறங்கீட்டீங்களே!” என்று தரகர் மலைத்துப் போனார். நாற்பதில் மூன்று முறை நின்று, பிறகு ஏறாமல் இறங்கிய ஆளை அவர் தொழிலில் கண்டதில்லையாம். முகத்தில் ஓர் அசைவு இல்லையாம். (இருக்காது. நான் அங்கே இல்லையே.) “செரி வாங்க. முப்பதுக்கு இந்தச் சந்தையில ஒண்ணுதான் இருக்குது,” என்று துண்டோடு என் கையை இழுத்துக்கொண்டு போனார். நானும் போனேன். எங்கேயோ நிறுத்தினார். “பாத்துக்குங்க. முடிச்சரலாமுங்களா?” என்றார்.

‘காண்!’ கண்ணீர் வடிக்குமே காண்!

“முடிஞ்சுது!” என்று கத்தினேன்.

பளீரென்று என் கையில் அடித்தார். கையடித்தால் பேரம் முடிந்தது. அப்புறம் பேச்சு மாறினால் அவன் மனுசனே இல்லை. பாட்டு மறப்பதற்குள் எழுதிவிட வேண்டுமே என்று சந்தைச் சீட்டின் பின்புறம் பென்சிலால் கிறுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் கயிற்றை வாங்கிக்கொண்டேன். வெள்ளை மாடு பழுப்பாக இருந்தது. வெயிலில் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். எனக்கிருந்த மூளை அவ்வளவுதான்.

வழியில் எந்த மரத்தைக் கண்டாலும் அந்த மாடு ஒரு முறை வலம் வந்துவிட்டுத்தான் நகர்ந்தது. வேப்பமரம், புளியமரம், மைல் கல் எதையும் விடவில்லை. என்ன பக்தியான மாடு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கும் ஒரு வெண்பா ஆரம்பித்தேன். பொழுது சாயத்தான் வீடு வந்து சேர்ந்தோம்.

அண்ணன் கட்டிலில் இருந்தபடியே மாட்டின் வாயைத் திறந்து பார்த்தார்.

“பல்லப் பாத்தியா?”

“பாத்தேனுங்ணா.” (முழுப் பொய்யில்லை. வெள்ளை மாட்டின் பல்லைப் பார்த்திருந்தேன்.)

“எங்கடா இருக்குது?”

நானும் குனிந்து பார்த்தேன். ஒன்றிரண்டு இருந்தன.

கிழமாக இருந்தாலும் கட்டித்தான் பார்ப்போமே என்று மறுநாள் காலை இடத்து மாடான செவலையோடு சேர்த்துக் கவலையில் பூட்டினோம். கவலை தெரியாத இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மாடுகள் சரிவில் நேராக இறங்கினால் கிணற்றிலிருந்து தோல் சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். மாடுகள் பின்னாலேயே ஏறினால் சால் திரும்பவும் கிணற்றுக்குள் போகும். ஓட்டுகிறவன் வடத்தின் மேல் உட்கார்ந்து இறங்குவான். நான் உட்கார்ந்தேன். நம் மாடு நாலடி நேராக நடந்தது. பிறகு, சரிவின் நடுவில் ஏதோ ஒரு மரம் இருப்பதாக எண்ணிக்கொண்டு வலப்பக்கம் திரும்பியது. செவலை இழுபட்டது. வடம் உருளையை விட்டு நழுவியது. நிறைந்த சால் தடாலென்று கிணற்றுக்குள் விழ, நான் சேற்றில் மல்லாந்தேன். அந்த மாடோ அமைதியாக என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மஞ்சள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போய் என் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். மஞ்சள் தழை ஓரம் சுருண்டு நிற்கிறது, கையில் மாடு இல்லை, அடுத்த சந்தைக்கு ஒரு வாரம். நான் என்னத்தைச் சொல்லித் தடுப்பது? துண்டுக்கு அடியில் நடந்ததைத் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே சொன்னேன்.

நங்கையா மாட்டிடம் போனார்கள். கழுத்தைத் தடவி, கையை மோந்து பார்த்தார்கள்.

“ஏனுங்க, எண்ணெ வாசம் அடிக்குது. இது செக்குல கட்டுன மாடுங்க. சுத்தறதத் தவற வேறெதுந் தெரியாது,” என்றார்கள். “அந்த நோட்ட அப்படியே வெய்யுங்க. வந்தர்றேன்.”

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நானும் பின்னால் ஓடினேன். அவர்கள் போன இடம் பக்கத்துத் தோட்டத்துக் கரும்பாலை. அங்கே ஆலைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். நேராக உழுது பழகிய அவருடைய மாடு, ஆலையைச் சுற்றி நாலு சுற்றுப் போவதற்குள் தலை சுற்றிப் படுத்துக்கொள்கிறதாம்.

“மாமா, எங்க கொழுந்தனார் சந்தை பூராத் தேடிச் சுத்தறதுக்குன்னே ஒரு மாடு வாங்கியாந்திருக்கறாரு,” என்றார்கள் நங்கையா, கண் இமைக்காமல். “ஆலை ஓடற மட்டும் இத நீங்க வெச்சுக்குங்க. உங்க மாட்ட எங்க கவலைக்கு உடுங்க.”

பூட்டிப் பார்த்தார்கள். நம் மாடு பிறந்த வீட்டுக்கு வந்த பெண் மாதிரி சுற்றியது. ஆலைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாடு பாக்கறதுல நீங்க கெட்டிங்க தம்பி!” என்றார். (அப்புறம் இரண்டு பேர் ஆலைக்கு மாடு வாங்கித் தரச் சொல்லி என்னைத் தேடி வந்தார்கள். நங்கையா அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.) வெயில் ஏறுவதற்குள் எங்கள் கவலை ஓடியது. நானும் இத்தனை வருடத்தில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்துவிட்டேன். அவ்வளவு பெரிய கேட்டை அரை மணி நேரத்தில் இரண்டு குடும்பத்துக்கு நன்மையாகத் திருப்பிய ஆளை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

நோட்டு இன்னும் அண்ணன் கையில்தான் இருந்தது.

“தம்பி, அந்த மாட்டு வெலைக்கு வந்த பாட்டப் படிங்க, கேக்கலாம்,” என்றார்கள் நங்கையா.

படித்தேன். நங்கையா கேட்டார்கள்:

“கண்ணுல தண்ணி வந்தா மாடு அழுவுதுன்னு அர்த்தமுங்களா? சந்தைப் புழுதிங்க அது. அடுப்பூதறப்ப எனக்குந்தான் தெனமும் வருது. என்னையப் பத்தி ஆரு பாட்டெழுதுனா?”

நான் சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னார்கள்: “நோட்ட எரிச்சா மண்டைக்குள்ள இருக்கறது எரிஞ்சு போயிருமுங்களா? எழுதறதுனால கேடு வல்லீங்க. கை சும்மா இருந்ததுனால வந்த கேடு. கைக்கு வேலையக் குடுத்துட்டுப் பாடச் சொல்லுங்க.”

அவர்கள் சொன்னால் அது வெறும் பேச்சில்லை. அன்று மாலைக்குள் களை வெட்டிக்கொண்டே என் சந்தைப் பயணத்தை முழுப் பாட்டாகக் கட்டிவிட்டார்கள். பெண்கள் வரிசையாகத் திருப்பிப் பாடினார்கள். மோனை தப்பவில்லை, கொத்தும் நிற்கவில்லை. நங்கையா எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாதவர்கள். ஒரு விரல் மடக்கவில்லை! இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இந்தக் காதை வைத்துக்கொண்டு, நான் அதைக் கேட்டதே இல்லை.

மறுநாளிலிருந்து நான் கவலை வடத்தில். ஒரு கையில் சாட்டை, ஒரு கையில் தும்புக் கயிறு. விரலுக்கு எங்கே போவது? அதனால் சாலை எண்ணினேன். ஒரு சால் தண்ணீருக்கு ஒரு சீர். நாலு சாலுக்கு ஓர் அடி. பதினைந்து சாலுக்கு ஒரு வெண்பா. மத்தியானம் மாட்டை அவிழ்த்ததும் நோட்டில் எழுதிக்கொள்வேன். நங்கையா இரவல் வாங்கித் தந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு நாளைக்கு ஒன்று எழுதியவன், வடத்தில் உட்கார்ந்து, தேறாததெல்லாம் போக, நாளுக்கு மூன்று எழுதினேன்.

கால் கொஞ்சம் ஆறிக் காட்டில் மடை மாற்ற வந்த அண்ணனுக்கு முதலில் முணுமுணுப்பு. பிறகு அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். இரண்டு வெண்பா முடிந்தால் ஒரு பாத்தி நிறைகிறது. ஈற்றடி கிடைக்காமல் நான் சாலை இறைத்துக்கொண்டே போனால் தண்ணீர் வரப்பேறும். அப்போது அங்கிருந்து கத்துவார்: “ஏண்டா, கடைசிச் சீரு இன்னுஞ் சிக்கலையா? பாத்தி ஒடையுதுடா!” நூறாவது வெண்பா முடிந்த அன்று சந்தோஷம் தாங்காமல் அவரிடம் ஓடினேன். மண்வெட்டியை ஊன்றி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். “கீழ்க்காட்டுல இன்னும் நாலு பாத்தி கெடக்குது. நூத்தியொண்ண ஆரம்பி,” என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

எருது நூறு அச்சேறவில்லை. ஆனால் எங்கள் தோட்டத்தில் தண்ணீருக்கு அதுவே அளவாகிவிட்டது. கவலை போய் மோட்டார் வந்த பிறகும், “மொளகாய்க்கு நாலு வெம்பா உட்டாப் போதும்,” என்றுதான் பேச்சு. போன வருடம் அண்ணன் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். வெண்பா என்றால் என்ன என்று டீச்சர் கேட்டார்களாம். இவள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, “பதினஞ்சு சால் தண்ணிங்க டீச்சர்,” என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்துவிட்டதாம்.

நான் யாப்பிலக்கணத்தை எடுத்து விளக்க வாயைத் திறந்தேன். புளி உடைத்துக்கொண்டிருந்த நங்கையா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்கள்:

“செரியாத்தான சாமி சொல்லியிருக்கற. இதுக்கு எதுக்கு அழுவற?”