இரண்டாம் முகமூடி

அந்த நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. நாட்டுக்கு வரைபடம் ஒன்று தேவை என்று சொல்லும் கட்டுரை இன்னும் மதிப்பீட்டில் இருக்கிறது. அது வெளிவரும்வரை நாடு இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆனாலும் அங்கே மக்கள் இருந்தார்கள், வருஷாவருஷம் மழையும் பெய்தது.

மன்னர் பெயர் பெருங்கோ. கெட்டவர் என்று சொல்ல முடியாது. கட்டடம் கட்டுவதில்தான் அவருக்கு அளவு மீறிய ஆசை. அண்டை நாட்டார் ஒரு தடவைகூடப் படையெடுத்து வராததைக் கொண்டாடும் வகையில் தலைநகரின் கிழக்கே வெற்றி மதில் என்று ஒரு நீண்ட சுவரை எழுப்பினார். ஏரியில் மிஞ்சும் தண்ணீர் கடலுக்குப் போகும் ஓடை அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மதிலுக்குக் குறுக்கே ஓடை வந்துவிட்டதாக அரண்மனைக் குறிப்பு வருத்தம் தெரிவிக்கிறது. அடுத்த மழையில் தாழம்பூத் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. முதலில் கட்டில் கால்வரை வந்தது, பிறகு கட்டிலுக்கு மேலும் வந்தது.

தெருவார் அரண்மனைக்குப் போய் முறையிட்டார்கள். மன்னருக்கு அந்த வருஷம் அறிஞர் என்று பெயரெடுக்க வேண்டும் என்று தோன்றியிருந்தது. எனவே ஆதாரச் சட்டம் பிறந்தது. அதன்படி, நகரத்தில் எதையும் இடிக்கவோ மாற்றவோ பழுதுபார்க்கவோ வேண்டுமானால், அதற்கு ஆதாரமாக ஓர் ஆய்வுக் கட்டுரை அரசு இதழான நகர ஏட்டில் வெளிவந்திருக்க வேண்டும். கட்டுவதற்கும் அப்படித்தானா என்று சபையில் ஒருவர் கேட்டார்.

நகர ஏட்டின் தலைவர் மருதவாணர் எழுந்து நின்றார். ஏட்டதிபர் என்பது அவருடைய பட்டம். "கட்டுவது மன்னரின் எண்ணம். எண்ணம் என்பது ஆய்வுக்கு முற்பட்டது. எண்ணத்துக்கே ஆதாரம் கேட்கத் தொடங்கினால் ஆட்சி நடத்த இயலாது," என்றார்.

கேட்டவர் அதற்குப் பிறகு சபைக்கு வரவில்லை. உப்பளங்களை மேற்பார்வை பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

அரசுக் கல்லூரியில் நகரங்களைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிய எழினி என்ற பெண் இந்தச் சட்டத்தை நம்பினாள். இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. படிக்கிற காலத்தில் அவள் தாழம்பூத் தெருவில், ஆப்பக்கடை செங்கமலத்தின் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தாள். காலை ஆப்பத்துக்கு அக்கா அவளிடம் ஒருநாளும் காசு கேட்டதில்லை. எழினி உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினாள். ஓடையை மதில் மறிக்கிறது, மறித்த இடத்தில் மதிலைத் திறந்துவிட்டால் தெருவில் தண்ணீர் நிற்காது என்பதுதான் அதன் சாரம். தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் தெரிந்திருப்பது வேறு, ஆதாரம் வேறு என்று சட்டம் சொல்லிவிட்டதே.

நகர ஏட்டுக்கு வரும் ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு அறிஞர்கள் மரமுகமூடி அணிந்துகொண்டு படிப்பார்கள். யார் என்று யாருக்கும் தெரியக் கூடாது. முகமூடி அணிந்தால்தான் அறிவு பாரபட்சமில்லாமல் வேலை செய்யும் என்பது அவர்கள் நம்பிக்கை. முதல் முகமூடி எப்போதும் நன்று என்று எழுதும். இரண்டாம் முகமூடி எப்போதும் ஆனால் என்று தொடங்கும்.

எழினியின் கட்டுரைக்கும் அப்படித்தான் நடந்தது. ஆனால், தண்ணீர் என்ற சொல் இன்னும் விளக்கப்படவில்லை, என்று இரண்டாம் முகமூடி எழுதியிருந்தது. எழினி விளக்கினாள். தண்ணீரே இல்லாத ஒரு நகரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாலன்றித் தண்ணீர்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று அடுத்த மழைக்காலம் முடிந்து கேள்வி வந்தது. அவள் பாலைவன நாடு ஒன்றுக்குப் போய் வெயிலில் கறுத்துத் திரும்பினாள். அதற்குள் தெருவில் தண்ணீர் முன்பைவிட உயர்ந்திருந்ததால் பழைய அளவுகள் செல்லாது என்றார்கள். மதில்களின் அழகைப் பற்றி ஏட்டதிபர் எழுதிய கட்டுரைகளை மேற்கோள் காட்டாதது பெரும் குறை என்றும் சொன்னார்கள். காட்டினாள். வேறென்ன செய்வாள்.

இதற்கிடையில் ஏடு இருந்த கோபுரத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். கண்டவரும் புரட்டினால் பக்கங்கள் தேய்கின்றன, ஆகவே ஏட்டில் எழுதியவர்கள் மட்டுமே ஏட்டைப் படிக்கலாம் என்று புதிய ஆணை. கட்டுரைகள் தாமதமாகின்றன என்று சிலர் முறையிட்டபோது மன்னர் உண்மையிலேயே மனம் வருந்தினார். தாமதத்தை ஆராய ஒரு குழுவை அமர்த்தினார். அந்தக் குழுவின் கட்டுரையும் மதிப்பீட்டில் இருக்கிறது.

செங்கமலம் அடுப்பைச் செங்கல் மேல் ஏற்றினாள், பிறகு பலகை மேல் ஏற்றினாள், கடைசியில் எழினி இருந்த மாடியறைக்கே கொண்டுபோனாள். மழை வரும்போதெல்லாம் கட்டுரை என்ன ஆச்சு என்று கேட்பாள். வந்துவிடும் அக்கா என்று எழினி சொல்வாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்த வருஷம் செங்கமலம் கேட்கவில்லை.

குழந்தை இறந்த மறுவாரம் பட்டப்பகலில் தெருவார் எல்லாரும் கடப்பாரை எடுத்துக்கொண்டு போய், ஓடை இருந்த இடத்தில் மதிலை உடைத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே தண்ணீர் வடிந்துவிட்டது. செங்கமலத்தின் அடுப்பு கீழே இறங்கி வந்தது.

மூன்றாம் நாள் மொத்தத் தெருவையும் பிடித்துக் குன்றின் மேல் இருந்த சிறைக்குக் கொண்டுபோனார்கள். குற்றம் மதிலை உடைத்தது அல்ல. அப்படி எழுதினால், ஏன் உடைத்தார்கள், உடைத்ததும் என்ன ஆயிற்று என்றெல்லாம் அரசுக் குறிப்பில் எழுத வேண்டிவரும். ஆகையால் கருத்துத் திருட்டு என்று வழக்குப் போட்டார்கள். மதிப்பீட்டில் இருக்கும் ஒரு கட்டுரையின் முடிவை, வெளிவருமுன்பே, மேற்கோள் காட்டாமல் பயன்படுத்திவிட்டார்களாம். திருட்டுக் கொடுத்தவள் என்ற முறையில் எழினி புகாரில் கையெழுத்திட வேண்டும் என்று மருதவாணர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தாங்கள் கையெழுத்திட்டால் கருத்து தங்களுடையது என்று நிலைநாட்டப்படும். கட்டுரை அடுத்த ஏட்டிலேயே வரும். மதிலில் உள்ள திறப்பும் ஆதாரம் பெற்ற திறப்பாகிவிடும், அதை யாரும் அடைக்க இயலாது," என்றார் அவர். "மறுத்தால், அது எல்லாரும் அறிந்த கருத்தாகிறது. எல்லாரும் அறிந்ததைக் கண்டுபிடிப்பு என்று நகர ஏடு எப்படி ஏற்கும்? கட்டுரையை நிராகரிப்போம். ஆதாரமின்றி உடைந்த மதிலை அதே இடத்தில் எழுப்புவோம்."

"மறுத்தால் அவர்கள்?"

"வீட்டுக்குப் போகலாம். மழைக்கு முன்னால் போய்ச் சேர்வது நல்லது."

கையெழுத்திட்டால் எத்தனை காலம் சிறை என்று எழினி கேட்டாள். கருத்து பழசாகும்வரை என்றார் மருதவாணர். நகரியல் கருத்துகள் சீக்கிரமே பழசாகிவிடும் என்று ஆறுதலும் சொன்னார்.

எழினி குன்றேறிப் போய் செங்கமலத்தைப் பார்த்தாள். நடந்ததைச் சொல்வதற்குள் அழுதுவிட்டாள். செங்கமலம் கம்பிக்கு அந்தப்பக்கம் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"போட்டுடு கண்ணு," என்றாள்.

"அக்கா, நான் எப்படிப் போடுவேன்? திருடினது நீங்கன்னு எழுதியிருக்காங்க."

"எழுதிட்டுப் போறாங்க. இத்தனை வருஷம் கழிச்சு நேத்துத்தான் காஞ்ச தரையில படுத்தேன். குன்று மேல தண்ணி ஏறாது பாரு. கொஞ்ச நாள் இருந்துட்டு வந்துடுறோம். வரும்போது தெருவும் காஞ்சிருக்கணும், அது போதும். ஓட்டையை மட்டும் அடைக்க விட்டுடாதே."

எழினி கையெழுத்திட்டாள். அந்தக் கையெழுத்துக்காக அவளை யாரும் குறை சொல்லவில்லை. அவள் மட்டும் சொல்லிக்கொண்டாள்.

கட்டுரை வெளிவந்தது. திறப்பு நிலைத்தது. அடுத்த மழையில் தாழம்பூத் தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. நகரத்திலேயே காய்ந்த தெரு அதுதான் என்று தெரிந்ததும் நகர ஏடு தன் அலுவலகத்தைக் கோபுரத்திலிருந்து அங்கே மாற்றிக்கொண்டது. பூட்டையும் கழற்றி எடுத்து வந்து, தெரு முனையில் கதவு வைத்துப் பூட்டினார்கள். ஆப்பக்கடையில் மருதவாணர் மேசை போட்டுக்கொண்டார். செங்கமலம் திரும்பி வரும்போது காலிசெய்துவிடுவதாக எழினிக்கு வாக்குக் கொடுத்தார். கருத்து பழசானால்தானே அவள் திரும்பி வருவாள்? பிறர் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கும்வரை ஒரு கருத்து பழசாகாது என்று ஏட்டில் வந்த சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பதை அப்போதுதான் எழினி படித்தாள். ஏட்டில் எழுதியவள் என்பதால் இப்போது அவள் அதையெல்லாம் படிக்கலாம்.

இதற்குள் மன்னர் நகரின் தெற்கே அமைதி மதில் எழுப்பியிருந்தார். அந்தப்பக்கம் இருந்த நாணல் தெருவில் தண்ணீர் புகுந்தது.

நாணல் தெரு வெள்ளம் பற்றி அரண்மனை அதிகாரி ஒருவர் கட்டுரை எழுதினார். மதிப்பிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். எழினியின் வீட்டுக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே கட்டுரையும் இரண்டாம் முகமூடியும் இருந்தன. முகமூடியின் உள்பக்கம் யாரோ பல வருஷம் விட்ட மூச்சில் வழவழவென்று ஆகியிருந்தது. அவள் அணிந்துகொண்டு படித்தாள்.

தாழம்பூத் தெருவில் மக்கள் குடியிருந்தவரை வெள்ளம் வந்தது என்றது கட்டுரை. மக்களை அகற்றியபின் வெள்ளம் வரவில்லை. ஆகவே வெள்ளத்துக்குக் காரணம் குடியிருப்போரே என்பது ஐயமின்றித் தெளிவாகிறது. நாணல் தெருவாரையும் உப்பளங்களுக்கு அப்பால் அனுப்பிவிட்டால் அந்தத் தெருவும் காய்ந்துவிடும். முதல் மேற்கோளாக எழினியின் கட்டுரையைக் காட்டியிருந்தார்கள்.

இது வெளிவந்தால் நாணல் தெரு காலி. எழினியின் கருத்தும் மறுபடி புதுசாகிவிடும், செங்கமலம் குன்றிலேயே இருக்க வேண்டியதுதான். கட்டுரை தவறு என்று எழுதி நிராகரிக்கலாமா என்று எழினி யோசித்தாள். நிராகரித்தால் அதை வேறு இரண்டு பேருக்கு அனுப்புவார்கள், அந்த இருவரும் நன்று என்று எழுதுவார்கள். தெருவாரிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் முகமூடி வேறொருவர் வீட்டுக்குப் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் அவள் கையில் இருந்தது தாமதம் ஒன்றுதான்.

பனி பெய்யும் நகரம் ஒன்றோடு ஒப்பிடச் சொன்னாள். இன்னொரு மழைக்காலம் பார்க்கச் சொன்னாள். மதில்களின் அழகைப் பற்றிய கட்டுரைகளை அதிகாரி சேர்க்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினாள். மருதவாணருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இப்படி ஒரு கண்டிப்பான முகமூடியைப் பார்த்ததில்லை என்று சபையில் பாராட்டினார்.

இரண்டு மழை போனபின் நாணல் தெருவிலிருந்து வண்டியோட்டி பொன்னுரங்கம், எழினி இப்போது பாடம் நடத்தும் கல்லூரிக்கு வந்தார். வேட்டி இடுப்புவரை நனைந்திருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டார்.

"எங்க தெருவைப் பத்தி ஒரு கட்டுரை உள்ள கிடக்குதாம்மா. அது வந்தா தண்ணி நிக்காதுன்னு சொல்றாங்க. என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்குத் தெரியாது, எங்களைப் படிக்க விடமாட்டாங்களே. ரெண்டாம் முகமூடின்னு ஒருத்தன் அதை விடவே மாட்டேங்கிறானாம். போன வாரம் என் மருமகளுக்குப் பேறுகாலம். பலகை மேல படுக்கவெச்சுப் பார்த்தோம். அவனுக்கெல்லாம் வீடு வாசல் இருக்காதா, பெத்தவங்க இருக்க மாட்டாங்களா? நீங்க அந்த வட்டாரத்துல பழகுறவங்க. அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

குழந்தை எப்படி இருக்கிறது என்று எழினி கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றார்.

"சொல்றேங்கய்யா," என்றாள்.

அவர் கும்பிட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். எழினி வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். அதிகாரி எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எழுதித் திருத்தி அனுப்பியிருந்த கட்டுரை மேலே கிடந்தது. முகமூடியை மாட்டிக்கொண்டு, முதல் முகமூடியின் நன்று என்ற சொல்லுக்குக் கீழே எழுதினாள்.

ஆனால், தண்ணீர் என்ற சொல் இன்னும் விளக்கப்படவில்லை.