முதல் அளவு சாமிக்கு

எடை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். நகைக்கடைக்காரரையும் மீன்கடைக்காரரையும் மருந்தாளரையும் ஒரே மேசையில் இருத்திச் சோறு போட்டால், கறி ருசியா என்று கதைக்கமாட்டார்கள். உப்பு எவ்வளவு குறைவு என்றுதான் கதைப்பார்கள். நான் அந்த மூன்றாவது இனம். நாங்கள் குடிவந்த கிளென் ஈடனில் ஒரு சின்ன மருந்துக்கடையில் வேலை. (பருப்பைக்கூடத் தராசில் வைத்துத்தான் அவிப்பேன் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அது பாதிதான் உண்மை.) இந்தத் தலைக்கனம்தான் என்னைக் கோயில் நிறைந்த சனத்துக்கு நடுவில், பட்டுச்சேலையோடு, கொடுத்த திருநீற்றைத் திருப்பிக் கேட்க வைத்தது.

அதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும். நான் துவக்குச் சுடுகிறவள்.

பயப்படவேண்டாம், சுடுவது கடதாசியை. கூட வேலைசெய்யும் ஒருத்தி ஒரு சனிக்கிழமை தன்னுடைய துப்பாக்கி கிளப்புக்கு இழுத்துப்போனாள். அன்று நான் சுட்டதில் பாதி இலக்கில் பட்டது. மற்றப் பாதி எந்தப் பக்கம் போனதென்று கிளப்பின் மூத்த ஆளான பிரையனுக்கே தெரியவில்லை. ஆனாலும் மூச்சை அடக்கி, ஒரு புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்துப்போனது. வீட்டில் யாரும் என்னை அப்படி நிம்மதியாகப் படுக்க விட்டதில்லை.

என் கணவர் சிவநேசனுக்குத்தான் அது பெரிய சோதனை. ஷெல் விழுந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போனவர். நவம்பரில் இங்கே அயலட்டை எல்லாம் வாணம் விடும்போது, காரை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

அப்படிப்பட்டவர் நான் லைசென்ஸ் எடுக்க மறுப்புச் சொல்லவில்லை. விசாரிக்க வந்த அதிகாரி, உங்கள் மனைவிக்குக் கோபம் வருமா என்று அவரைத் தனியாகக் கேட்டாராம். "சோறு குழைஞ்சால் மட்டும்" என்றாராம் இவர். அதிகாரி போனபிறகு என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"துவக்கு பூட்டின பெட்டிக்குள்ள இருக்கட்டும். சுடுறதையும் அங்கயே போய்ச் சுடும். ஆனா வெடிமருந்து மட்டும் என்ர கண்ணுக்கு முன்னால வரக்கூடாது. அந்த மணம் எனக்கு வேண்டாமப்பா."

நான் சரி என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை எப்படிக் காப்பாற்றினேன் என்பதுதான் இந்தக் கதை.

கொஞ்ச நாளில் எனக்கு அடுத்த ஆசை வந்தது. சுட்டபிறகு விழுகிற வெற்றுக் கோதுகளைச் சேர்த்து, அவற்றில் திரும்ப மருந்து நிரப்பித் தாங்களே தோட்டா செய்கிறவர்கள் கிளப்பில் இருந்தார்கள். ஒவ்வொரு கோதிலும் மருந்து ஒரே அளவு இருக்கவேண்டும்; கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குறி தப்பும், ஆபத்தும் வரலாம். ஒரே அளவு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் இருந்த மருந்தாளர் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கராஜில் ஒரு மூலை கேட்டு இவரிடம் பதமாகக் கதை தொடங்கினேன்.

"யோசிப்பம்" என்றார்.

எங்கள் வீட்டில் யோசிப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்று ஓம் என்று எடுத்துக்கொண்டு, மருந்து அளக்கிற கருவி தேடத் தொடங்கினேன்.

பெண் பார்க்கிறதுபோல அது ஒரு பெரிய அலுவல். கைப்பிடியை இழுத்தால் ஓர் அளவு மருந்தைக் கீழே போடுகிற கருவி ஒரு சாதி. தராசும் குழாயும் சேர்ந்த மின்கருவி இன்னொரு சாதி. வேண்டிய எடையின் எண்ணை அமத்திவிட்டால் குழாய் சுழன்று மணி மணியாய்ப் போட்டு, சரியான எடை வந்ததும் தானே நிற்கும். யூடியூபில் தாடி வைத்த ஆண்கள் இரண்டு கட்சியாய்ப் பிரிந்து சண்டைபிடித்தார்கள். எனக்கு முடிவெடுக்க முடியாததைப் பார்த்துப் பிரையன் இரண்டையும் இரவல் தந்தார். (பிரையன் பேசியது ஆங்கிலம். எங்கள் தமிழில் சொன்னால்தான் அவருடைய மனம் விளங்கும்.)

"ரெண்டையும் கொண்டுபோய்ப் பாரும். எது கைக்குப் பிடிக்குதோ அதை வாங்கும். வடிவாத் துடைச்சுத்தான் தாறன்."

மருந்துதான் வீட்டுக்குள் வரக்கூடாது, கருவி வரலாம்தானே. வேறு எதையாவது போட்டுச் சோதிப்போம் என்று குசினிக்குள் போனேன். சீனி போட்டேன், கராஜ் முழுக்க எறும்பு. ரவையில் இரண்டு கருவியும் நல்ல பிள்ளைகள். புட்டு மா கைப்பிடிக் கருவியில் சிக்கிக்கொண்டது; கம்பியால் குத்தித்தான் வெளியே எடுத்தேன். மகள் அபி எட்டிப் பார்த்து, "அம்மா, வை இஸ் தெயர் புட்டு இன் த கராஜ்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நில்லாமல் போய்விட்டாள்.

அப்போதுதான் கோயில் திருவிழா வந்தது. சனத்துக்குக் கொடுக்கத் திருநீற்றைச் சின்னப் பைக்கற்றுகளில் கட்டுகிற பொறுப்பு இவருடைய தலையில் விழுந்தது. முந்தின வருடம் ஆளாளுக்குக் கரண்டியால் அள்ளிப் போட்டதில், ஒருவருக்குக் கொழுத்த பைக்கற், இன்னொருவருக்கு வெறும் தூசி. கமிட்டிக்காரரின் சொந்தங்களுக்கு மட்டும் கூடப் போனதென்று ஒரு கதை கிளம்பி, இரண்டு குடும்பம் இன்னும் முகம் பார்ப்பதில்லை.

"இந்தமுறை எல்லாருக்கும் ஒரே அளவா இருக்கவேணும்" என்று கவலைப்பட்டார் இவர்.

ஒரே அளவு. அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது.

"என்னட்டைத் தாங்கோ. மெசின் இருக்கு" என்றேன்.

திருநீற்றை அரிதட்டில் அரித்து, பழைய ரவை கலந்துவிடக்கூடாதென்று மின்கருவிக் குழாயை உள்ளே கம்பியால் சுரண்டிவிட்டுக் கொட்டினேன். தொடங்க முன் இவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "முதல் அளவு சாமிக்கு எடுத்து வையும்." வீட்டில் பால் பொங்கினாலும், புது அரிசி மூட்டை உடைத்தாலும் முதல் பங்கு சாமிக்குத்தான், திருநீறு மட்டும் விதிவிலக்கா? முதலில் விழுந்ததை எல்லாம் ஒரு தகர டப்பாவில் சேர்த்து, பூசைக்கு ஐயரிடம் கொடுக்கவென்று வைத்தேன். அதில் அங்கங்கே சின்னச் சின்னக் கறுப்பு மணிகள் தெரிந்தன.

"உதென்ன கறுப்பு?" என்றார்.

"அசல் பசுஞ்சாணத் திருநீறு. கரித்துண்டு இருக்கத்தான் செய்யும். சுத்த வெள்ளையா இருந்தால்தான் சந்தேகப்படவேணும்" என்று, ஏதோ சாணம் எரிக்கிற தொழிலில் பிறந்து வளர்ந்தவள்போல விளக்கம் கொடுத்தேன். அவரும் நம்பிவிட்டார். அதற்குப் பிறகு விழுந்தது மல்லிகைப்பூ நிறம். பைக்கற்றுகள் ஒன்றைப்போல ஒன்றாய் வந்ததைப் பார்க்க எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மின்கருவியைத்தான் வாங்குவதென்று அன்றே முடிவுசெய்தேன்.

திருவிழாவன்று பைக்கற்றுகளை வாசல் மேசையில் வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். நான் பெண்கள் பக்கம் நின்று, யாராவது அளவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. பிரையனின் மெசேஜ்.

"சொல்ல மறந்திட்டன். வெளிப்பக்கம்தான் துடைச்சனான். குழாய்க்குள்ள பழைய மருந்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். பாவிக்க முன்னம் தட்டிவிடும்."

மெசேஜைத் திரும்பவும் வாசித்தேன். கரித்துண்டு.

கோயிலில் இருக்கிற ஒவ்வொருவரின் கையிலும் நான் அளந்து கட்டிய ஒரு பைக்கற். அதற்குள் வெடிமருந்து. எப்படியாவது எல்லாவற்றையும் திருப்பி வாங்கிவிடவேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற தங்கம் அக்காவில் தொடங்கினேன்.

"அக்கா, அந்தப் பைக்கற்றை ஒருக்காத் தாங்கோ."

"ஏன் பிள்ளை, உனக்குக் கிடைக்கேல்லையோ?"

"இல்லையக்கா, அது பிழையான பைக்கற்."

"திருநீற்றில என்ன பிழை? நான் வாயிலயும் கொஞ்சம் போட்டிட்டன்" என்றார்.

மருந்தாளர் என்ற முறையில் இதற்கு என்ன செய்யவேண்டுமென்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். தண்ணீர் குடியுங்கோ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு ஓடினேன். அங்கே சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் பைக்கற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"என்னங்க இது, பிரசாதத்தைக் குடுத்துட்டுத் திருப்பிக் கேக்குறீங்க?"

"வேற தாறன் அம்மா. நல்லதாத் தாறன்."

"அப்ப இது நல்லதில்லையா?"

நான் அடுத்த பெண்ணிடம் கையை நீட்டினேன். பின்னால் நின்றவர்கள், நல்லது தனியாக இருக்கிறதாம், வேண்டப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார்களாம் என்று முணுமுணுக்கத் தொடங்கினார்கள். போன வருடத்துச் சண்டைக்கு என் கையாலேயே எண்ணெய் ஊற்றிவிட்டேன்.

நாலைந்து பைக்கற் மீட்டபிறகு ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். தூய வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. அப்போதுதான் மூளை வேலை செய்தது. குழாய்க்குள் கிடந்தது எதுவானாலும் முதலில்தான் விழுந்திருக்கும். முதலில் விழுந்ததை நான் யாருக்கு எடுத்து வைத்தேன்?

சந்நிதியைப் பார்த்தேன். ஐயர் தட்டில் திருநீற்றைப் பரப்பி, அதன்மேல் கற்பூரக் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என்னுடைய தகர டப்பா மூடி திறந்து கிடந்தது.

நிறுத்தச் சொல்லி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். என் பக்தியைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற பெண்களும் கையைத் தூக்கி "அரோகரா" என்றார்கள். மணிச் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஐயர் கொளுத்தினார்.

முதலில் நல்ல பிள்ளையாய்த்தான் எரிந்தது. பிறகு தட்டில் சுர் என்று ஒரு மஞ்சள் பொறி எழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு நாலைந்து சேர்ந்து சுர்ர்ர் என்று சீறின. ஐயர் இரண்டடி பின்னால் போனார். தட்டை மட்டும் விடவில்லை. சனம் முழுக்க ஒரே குரலில் அரோகரா போட்டது. தங்கம் அக்கா அழுதே விட்டார்.

நான் இவரைத் தேடினேன். ஆண்கள் பக்கத்தில் முன்வரிசையில் நின்றவரைக் காணவில்லை. வேட்டியோடு நிலத்தில் குப்புறக் கிடந்தார். இரண்டு கையும் பிடரியைப் பொத்தியிருந்தன.

ஷெல் விழும்போது படுக்கிற கிடை. பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பழக்கியிருப்பார்கள். கண்ணுக்கு முன்னால் கொண்டுவரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததை, சாமிக்கு முன்னால் கொண்டுவந்து, அதுவும் அவர் சொல்லி எடுத்து வைத்த டப்பாவிலேயே கொண்டுவந்து, அவருக்கு முன்னால் கொளுத்தியும் விட்டேன். சனத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"இஞ்சேருங்கோப்பா. ஒண்டுமில்லை. நான்தான்."

தலையைத் தூக்காமலே கேட்டார். "மருந்தோ?"

"ஓம். பிரையன்ர குழாய்க்குள்ள இருந்திருக்கு. சத்தியமா எனக்குத் தெரியாது."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மெல்லத் தலையைத் திருப்பினார். அவருக்கு வலப்பக்கம் ஓர் இளந்தாரி குப்புறக் கிடந்தான். இடப்பக்கம் கமிட்டிப் பொருளாளர், பெரிய வயிற்றோடு சிரமப்பட்டுக் கிடந்தார். பின்னால் இன்னும் ஒரு வரிசை.

"உவங்கள் ஏன் படுத்திருக்கிறாங்கள்?"

"உங்களைப் பாத்துத்தான். கும்பிடுறியள் எண்டு நினைச்சிட்டினம்."

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தை நிலத்தில் அமத்தி, கண்ணீர் வழியச் சிரித்தார். பின்னால் நின்ற ஒருவர், சிவநேசன் எவ்வளவு உருகிப்போனார் பாருங்கோ என்று மனைவிக்குச் சொன்னது எனக்குக் கேட்டது.

எல்லாரும் சாப்பிடப் போனபிறகு ஐயரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் முதலில் புருவத்தைத் தடவிப் பார்த்தார், இரண்டும் இருந்தன. "இனி முதல் அளவை வீட்டுப் பூமரத்துக்குப் போடுங்கோ" என்றார். ஆனாலும் அந்தப் பொறி வந்த திருநீறு கொஞ்சம் கிடைக்குமா என்று தங்கம் அக்கா இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்குப் போகிற வழியில் இவர், பள்ளிக்கூடத்தில் மேசைக்குக் கீழே படுத்திருந்த நாட்களைப் பற்றிக் கதைத்தார். பக்கத்தில் படுத்தவன் பயத்தில் இவருடைய இடியப்பப் பார்சலைச் சாப்பிட்டு முடித்த கதையும் அதில் இருந்தது. பின்சீற்றில் இருந்த அபி ஃபோனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். இந்தக் கதைகள் எதையும் அதற்கு முன் நானும் கேட்டதில்லை.

மின்கருவிக்குள் சாம்பல் போய்விட்டதால் இனி அதில் மருந்து அளக்கக்கூடாது என்று பிரையன் அதைக் கைவிட்டுவிட்டார். அவருக்குப் புதிது வாங்கிக் கொடுத்தேன். பழையது கோயிலில் இருக்கிறது, திருநீறு அளக்க மட்டும். எனக்கென்று நான் தேர்ந்தெடுத்தது கைப்பிடிக் கருவி. அது பிரையனின் ஷெட்டில் இருக்கிறது, நான் அங்கே போய்த்தான் நிரப்புகிறேன். கராஜ் மூலையைப் பற்றி இவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வருடா வருடம் திருவிழாவில் கற்பூரத்தை அடுக்கிவிட்டு ஐயர் ஒருகணம் நிற்பார். முன்வரிசையைத் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்பார்.

"என்ன சிவநேசன், நீங்கள் முதல்ல படுக்கிறியளோ, நான் முதல்ல கொளுத்தட்டோ?"

"கொளுத்துங்கோ ஐயா" என்பார் இவர், நின்றபடியே.