இருபது நிமிடப் புறநகர்

ஒரு மனிதன் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதை அவன் சம்பளமும் அவன் மனைவியும் சேர்ந்து முடிவு செய்வதாகப் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை முடிவு செய்வதற்கென்றே அரசாங்கத்தில் தனியாக ஒரு துறை இருக்கிறது. அதன் பெயர் தூர நிர்ணயத் துறை. நகரத்தைச் சுற்றி முளைக்கும் ஒவ்வொரு புறநகரும் நகரத்திலிருந்து எத்தனை நிமிடத்தில் இருக்கிறது என்று தீர ஆராய்ந்து, அதன் முகப்பில் ஒரு பச்சைப் பலகையை நட்டுவிட்டு வருவது அத்துறையின் திருப்பணி. பலகை நட்ட பிறகு தூரம் தன் இஷ்டத்துக்கு மாற அனுமதி கிடையாது.

அந்தத் துறையில் எழுத்தராக இருந்த ஒருவரை எல்லோரும் ‘கடிகாரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அலுவலகத்துக்குப் பின்தெருவிலேயே குடியிருந்தார். காலையில் அவர் படியேறும் சத்தம் கேட்டுத்தான் காவலாளி எழுந்து பல் துலக்குவார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. பெருமைப்பட்டுக்கொள்ள அவரிடம் வேறு எதுவும் இல்லாததால் அதை மிகவும் பத்திரமாக வைத்திருந்தார்.

வீட்டில்தான் ஒரு குறை. இருந்தது ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கை நீட்டினால் அந்தச் சுவரில் காலண்டர் மாட்டலாம். அவர் மனைவி மாட்டியும் இருந்தாள்.

“நமக்குன்னு ஒரு வீடு. அதுல வெளிச்சம் வர்ற மாதிரி ஒரு ஜன்னல். வேற என்னங்க கேட்டேன்?” என்றாள் அவள், தேதி கிழித்துக்கொண்டே.

புறநகர் புறநகராக ஏறி இறங்கினார்கள். ஓரிடத்தில் காற்று நன்றாக இருந்தது, பலகையில் நிமிடம் அதிகமாக இருந்தது. இன்னோரிடத்தில் நிமிடம் குறைவு. வீடு ஒரு சாக்கடையின் மேல் இருந்தது. கடைசியில் தரகர் ஒருவர், பாதி கட்டிய வீடுகளும் முழுப் புழுதியுமாக இருந்த ஓரிடத்துக்குக் கூட்டிப்போனார். முகப்பில் பலகை பளபளத்தது: ‘நகரம் - 20 நிமிடம்.’

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “காலையில கிளம்பினோம், மதியம் ஆயிடுச்சு. இதுவா இருபது நிமிஷம்?”

“அம்மா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பலகையில இருக்கிறது வேலை நாள் கணக்கு” என்றார் தரகர்.

“வேலை நாள்ல கூட்டம் இன்னும் ஜாஸ்தியா இருக்குமே?”

“கூட்டம் எங்க போகுது? நகரத்துக்கு. சாரும் நகரத்துக்குத்தான் போறாரு. கூட்டத்தோட கூட்டமா போயிட வேண்டியதுதான்.”

அவள் கணவனைப் பார்த்தாள். அவரோ பலகையின் மூலையிலிருந்த துறை முத்திரையைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க துறை போட்ட பலகை இது. எங்க துறையை நாங்களே நம்பலேன்னா வேற யாரு நம்புவா?”

மிக நல்ல கேள்வி. துறையில் இதுவரை யாரும் அதற்குப் பதில் கண்டுபிடிக்கவில்லை.

வீடு வாங்கினார்கள். ஜன்னலைத் திறந்ததும் வெளிச்சம் கூடத்தின் கடைசி வரைக்கும் ஓடியது. மனைவி அதில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

முதல் வேலை நாள். பஸ் வந்தது, அதில் ஏற முடியவில்லை. ஏற முடிந்த பஸ் ரயில்வே கேட்டில் நின்றது. கேட் திறந்ததும், பழுது வேலை நடந்துகொண்டிருந்த பாலத்தில் நின்றது. பாலம் தாண்டியதும், நிற்கிற பழக்கம் விடாமல், காரணமே இல்லாமல் நின்றது. கடிகாரம் அலுவலகப் படியேறியபோது சக ஊழியர்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். “என்ன கடிகாரம், உடம்பு சரியில்லையா?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு சார். பஸ்ஸுதான்...” என்று ஆரம்பித்து, புது வீடு எங்கே என்பதைச் சொன்னார்.

“அட, இருபது நிமிஷம்! அருமையான இடமாச்சே. அப்புறம் ஏன் லேட்டு?”

“மூணு மணி நேரம் ஆகுது சார்.”

கண்காணிப்பாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “நல்லா யோசிச்சுப் பேசுங்க. பலகை தப்புங்கிறீங்களா?”

“ஐயையோ, இல்லை சார்.”

“பலகை சரி, பஸ்ஸு சரி, ரோடு சரி. மிச்சம் இருக்கிறது யாரு? நீங்கதானே?”

கடிகாரம் மெல்லக் கேட்டார்: “அந்த இருபது நிமிஷத்தை எப்படி சார் அளந்தாங்க?”

“முறைப்படிதான். பொது விடுமுறை அன்னிக்கு, விடியறதுக்கு முன்னாடி, சைரன் வெச்ச ஜீப்புல. நடுவுல வண்டி கிண்டி வந்து அளவைக் கெடுத்துடக் கூடாதுன்னு ரோடு பூரா போலீஸ் நிறுத்தியிருந்தோம். நகர எல்லையிலேருந்து புறநகர் எல்லை வரைக்கும் துல்லியமா இருபது நிமிஷம்.”

“நகர எல்லையிலேருந்து நம்ம ஆபீசுக்கு?”

“அது நகரத்தோட தூரம். அதைப் போய்ப் புறநகர் தலையில கட்டலாமா?”

அலுவலகத்துக்கு இதனால் ஒரு நெருக்கடி ஏற்பட்டது. தாமதம் என்று குறித்தால் பலகை பொய் என்று துறையே ஒப்புக்கொண்டதாகும். வந்தார் என்று குறிக்கலாமென்றால் ஆள் இல்லை. மேலதிகாரிகள் கூடி, தேநீர் குடித்து, மீண்டும் கூடி, வருகைப் பதிவேட்டில் புதிதாக ஒரு பத்தியைத் தோற்றுவித்தார்கள்: ‘வந்துகொண்டிருக்கிறார்.’

நல்ல ஏற்பாடு என்பது சீக்கிரம் பரவும். அந்த மாத முடிவுக்குள் அலுவலகத்துக்கு எதிர்வீட்டில் குடியிருந்த ஊழியரும் வந்துகொண்டிருந்தார். கண்காணிப்பாளரும் வந்துகொண்டிருந்தார். மனு கொடுக்க வந்த பொதுமக்களிடம் காவலாளி, “உட்காருங்க, எல்லாரும் வந்துக்கிட்டேதான் இருக்காங்க” என்று மரியாதையாகச் சொன்னார்.

அலுவலகத்தில் இப்படி. வீட்டில் வேறொன்று நடந்தது. அவருடைய மகள் சின்னப் பெண். பழைய வீட்டில் இருந்தவரைக்கும் “அப்பா, நீ வா, நீ உக்காரு” என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவாள். புது வீட்டில் அவள் கண் விழிக்குமுன் அவர் கிளம்பிவிடுவார். திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். ஒரு நாள் ஏதோ அதிசயமாகச் சீக்கிரம் வந்து கதவைத் தட்டினார். மகள் திறந்தாள். சற்று யோசித்துவிட்டு, “வாங்க, உக்காருங்க. அம்மா உள்ள இருக்காங்க, கூப்பிடறேன்” என்றாள்.

அவர் தன் சொந்த வீட்டு நாற்காலியின் விளிம்பில், செருப்பை எங்கே விடுவது என்று தெரியாத ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். மனைவி வந்து பார்த்தாள். 

“எனக்கு ஜன்னல் வேண்டாங்க. வெளிச்சம் இருக்கிற நேரத்துல நீங்க இந்த வீட்டுலயே இல்லை. வித்துட்டுப் பழைய சுவத்துக்கே போயிடலாம்.”

இதற்கிடையில், காத்திருந்து காத்திருந்து கால் வலித்த பொதுமக்கள் மேலிடத்துக்கு எழுதினார்கள். அந்தப் புறநகரின் தூரத்தை மறு அளவை செய்ய உத்தரவாயிற்று. இந்தத் தடவை ஜீப் இல்லை. அளவை அதிகாரி எல்லோரையும் போலப் பொதுப் பேருந்தில் வருவார் என்று அறிவித்தார்கள். கடிகாரத்துக்குத் தலைகால் புரியவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் குளிக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

காலையில் வர வேண்டிய அதிகாரி வெயில் சாயும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார். சட்டையில் இரண்டு பித்தானைக் காணோம். ஒரு காலணி வாயைப் பிளந்திருந்தது. காத்திருந்த குடியிருப்பாளர்கள் அவரைக் கண்டதும் மகிழ்ந்தார்கள். இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்!

அப்போது தரகர் எழுந்தார். “எல்லாரும் தாராளமா பேசுங்க. பலகை மாறினா வீட்டு விலை என்ன ஆகும்னு மட்டும் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுப் பேசுங்க.”

அந்த ஒரு நிமிடம் மட்டும் அந்தப் புறநகரில் மிகச் சரியாக ஒரு நிமிடமே ஆனது.

மனைவி கணவனின் கையைக் கிள்ளினாள். “நீங்க என்ன சொல்லப்போறீங்க?”

“உண்மையைத்தான்.”

“உண்மையைச் சொன்னா நம்ம வீட்டை எவன் வாங்குவான்? விக்கலேன்னா இங்கேயே கிடக்கணும். இங்கேருந்து தப்பிக்கணும்னா இது பக்கம்னு சொல்லுங்க.”

அவர் துறையில் இவ்வளவு தெளிவாக யாரும் யோசித்ததில்லை.

விசாரணை தொடங்கியது. வங்கிக்காரர் பதினெட்டு நிமிடம் என்றார். தையல்காரர் பதினைந்து என்றார். பல் டாக்டர், “நான் கொஞ்சம் மெதுவா ஓட்டுவேன், அதனால பன்னெண்டு ஆகுது” என்று வருத்தப்பட்டார். நகரத்துக்குப் போயே பல காலம் ஆன ஒரு பென்ஷன்காரர், “ஆறு. நடந்தே போயிடலாம்” என்றார்.

நேரம் விஷயத்தில் பொய்யே சொல்லாத கடிகாரம் எழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, “இருபது நிமிஷம் சார்” என்றார்.

கூட்டம் கொதித்தது. “இருபதா! அடப்பாவி, கூட இருந்தே குழி பறிக்கிறானே!”

“சில நாள்... பதினொண்ணு” என்று திருத்திக்கொண்டார். கைதட்டினார்கள்.

மனசு கேட்காமல் அவரே அதிகாரியிடம் கேட்டார்: “உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு சார்?”

அதிகாரி கிழிந்த காலணியை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். “அது என் சொந்த அனுபவம். சொந்த அனுபவத்தை அறிக்கையில சேர்க்க விதியில இடமில்லை.”

பழைய பலகையைப் பிடுங்கிப் புதிதாக நட்டார்கள்: ‘நகரம் - 12 நிமிடம்.’ வீடு கேட்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் வந்தவர் கையில் முன்பணத்தோடே வந்தார். கடிகாரம் பேனாவைத் திறந்தார். மனைவி அவரை உள்ளே கூப்பிட்டாள்.

“அவசரப்படாதீங்க. ஒரு தடவை அளந்ததுக்கே எட்டு நிமிஷம் குறைஞ்சிருக்கு. அடுத்த தடவை அஞ்சுக்கு வந்தாலும் வரும். அப்ப விக்கலாம்.”

“குழந்தை என்னை வாங்க போங்கன்னு கூப்பிடறாளேடி?”

“மரியாதை தெரிஞ்ச பொண்ணுன்னு பேரு வாங்கட்டுமே!”

வந்தவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மேற்படி புறநகர் பன்னிரண்டு நிமிடத் தொலைவிலேயே அமைந்திருப்பது ஐயமற நிறுவப்பட்டுவிட்டதாலும், ஊழியர்கள் குடும்பத்தாருடன் அமர்ந்து உண்பதில் துறை மிகுந்த அக்கறை கொண்டிருப்பதாலும், அங்கு வசிப்போர் அனைவரும் இனி மதிய உணவுக்குத் தத்தம் இல்லம் சென்று திரும்ப வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

கடிகாரம் உத்தரவை மீறுபவரல்ல. மணியடித்ததும் எழுந்து, பஸ் ஏறினார். பஸ் பாலத்தில் நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் தூங்கி, விழித்து, ஜன்னல் வழியே அதே பாலத்தைப் பார்த்து, மறுபடி தூங்கி விழித்தார்.

“சார், அந்தப் பக்கம் ஒரு வீடு வாங்கலாம்னு பார்க்கப் போயிட்டிருக்கேன். நகரத்திலேருந்து எவ்வளவு நேரம் ஆகும்?”

கடிகாரத்தின் வயிறு பசியில் ஒரு முறை உறுமியது. “பன்னெண்டு நிமிஷம்” என்றார்.

“பரவாயில்லையே, ரொம்பப் பக்கம்தான்” என்று அவர் நிம்மதியாகச் சாய்ந்து மறுபடியும் தூங்கிப்போனார்.