மறவோனும் மெல்லியலாளும்

பணிக்காலம் முழுவதும் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு தீய பழக்கம் படிந்துவிடுகிறது. எவர் எதைக் கேட்டாலும் ‘அறியேன்’ என்னும் சொல் நாவில் எழுவதில்லை. அச்சொல் எனக்கு எழாமற்போனதால் ஓர் உயிர் போயிற்று. அது வெறும் கோழியின் உயிர்தானே என்று என்னை நானே தேற்றிக்கொள்ள முயல்கிறேன். இன்றுவரை இயலவில்லை.

கடைகளில் முட்டை கிடைப்பதே அரிதாகிப்போன காலம் அது. மஹய்யாவவில் எங்கள் வீட்டுக்கும் அயல்வீட்டுக்கும் இடையே இடுப்பளவு மதில் ஒன்றுதான். அங்கே முச்சக்கர வண்டி ஓட்டும் செபஸ்தியானும் அவர் மனைவி பிலோமினாவும் குடியிருந்தனர். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே ஒருவர் கூடையில் வைத்து விற்ற நாட்டுக்கோழிக் குஞ்சுகளை இரு வீட்டாரும் சேர்ந்து வாங்கினோம். பூனைக்கும் மழைக்கும் போக எஞ்சியவை இரண்டு. ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை. எங்கள் கொல்லையில் வளர்ப்பது என்றும், பேடு முட்டைக்காக எங்களுக்கு, சேவல் கிறிஸ்து பிறந்த நாளான நத்தார் விருந்துக்காக அவர்களுக்கு என்றும் பேச்சு. (இரண்டும் ஒரே பாலாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டு முயற்சி என்றால் இப்படித்தான்.)

குஞ்சுகள் சற்று வளர்ந்ததும் எது எது என்று அறியும் சோதனைகள் தொடங்கின. செபஸ்தியான் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார்.

“தலைய தூக்குனா பொட்ட, தொங்கப்போட்டா சேவல். எங்கப்பா சொல்லிருக்காரு.”

இரண்டும் முதலில் தலையைத் தூக்கின. களைத்தபின் இரண்டும் தொங்கவிட்டன.

“போதும், உங்கப்பா சொன்னது,” என்று பிலோமினா தன் மோதிரத்தை நூலில் கட்டிக் குஞ்சுக்கு மேலே பிடித்தார். “வட்டமா சுத்துனா பொட்ட.” மோதிரம் சுற்றுவதற்குள் கறுப்புக் குஞ்சு அதைக் கொத்திப் பார்த்தது.

“சேர் படிச்ச ஆளு. அவரே சொல்லட்டும்,” என்றார் செபஸ்தியான்.

அவ்விடத்தில் நான் வாய்திறவாதிருந்திருக்கலாம். மாறாக, கதிரையைக் கொல்லைப்புறத்தில் இட்டுச் சில நாள் ஆராய்ந்தேன். கறுப்பு, தீனிக்கு முந்தி ஓடியது, காகத்தை விரட்டியது, என்னையே நேருக்கு நேர் நோக்கியது. வெள்ளையோ தண்ணீர்த் தொட்டியின் மறைவிலேயே ஒதுங்கி நின்றது. ஆண்மைக்கும் பெண்மைக்கும் இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுமோ? மதிலருகே இரு வீட்டாரையும் அழைத்து என் முடிபை அறிவித்தேன். கறுப்புக்கு மறவோன் என்றும் வெள்ளைக்கு மெல்லியலாள் என்றும் பெயரும் சூட்டினேன்.

“நீங்க என்ன பேரு வேணும்னாலும் வைங்க,” என்றாள் என் மனைவி சரசு. “எனக்கு அது கறுப்பிதான்.”

பின்வந்த மாதங்களில் இயற்கை எனக்குப் பலமுறை உண்மையை உணர்த்த முயன்றது. வெள்ளையின் கொண்டை சிவந்து பெருத்தது. சரசு அதைச் சுட்டிக்காட்டியபோது, அது நாணத்தின் சிவப்பு என்றேன். அதன் கழுத்து இறகுகள் கூராக நீண்டன. பெண்ணுக்கு அணிகலன் இயல்பு என்றேன். கறுப்பின் கொண்டை மட்டும் வெளிறிச் சிறிதாகவே இருந்தது. வீரனுக்கு ஒப்பனை எதற்கு? (இதையெல்லாம் வாய்விட்டே சொன்னேன். சாட்சிகள் இருக்கிறார்கள்.)

நத்தாருக்கு முந்திய வாரம் கறுப்பு வீட்டுக்குள் வரத் தொடங்கியது. அலுமாரியின் அடியில் நுழைந்தது. துவைக்கப் போட்ட துணிக்கூடையில் ஏறிச் சுழன்று அமர்ந்தது. நெடுநேரம் தனக்குள் முனகியது.

“முட்டைக்கு எடம் தேடுதுங்க,” என்றாள் சரசு.

“காவல் சுற்றுகிறான்,” என்றேன்.

“ஒரு வாரம் பொறுங்க. பிலோமினாக்கிட்ட நான் பேசிக்கிறேன். இந்த வருசம் கடைக்கோழி வாங்கிக்கட்டும்.”

“கொடுத்த சொல் என்னாவது?”

“சொல்லு எங்கயும் போயிறாது. உசிரு போனா வருமா?”

ஒரு வாரம் பொறுப்பதால் எனக்கு இழப்பு ஒன்றுமில்லை. பொறுத்தால் என் தீர்ப்பை நானே ஐயுற்றதாகும் என்பதே தடை. நத்தாருக்கு முதல்நாள் பிற்பகல் நானே கறுப்பைத் தூக்கி மதிலுக்கு அப்பால் நீட்டினேன். அது துள்ளவில்லை, என் முழங்கையில் தலை சாய்த்துக் கிடந்தது. “பார்த்தாயா, அச்சமே இல்லை,” என்றேன் சரசுவிடம். அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். அது அஞ்சாமை அன்று, எங்கள்மேல் வைத்த நம்பிக்கை என்று பின்னரே விளங்கியது.

சற்று நேரத்தில் பிலோமினா ஈரக்கையோடு எங்கள் அடுக்களை வாசலில் வந்து நின்றார். உள்ளங்கையில் ஒரு முட்டை.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. உள்ள இருந்துச்சு. ஓடே கட்டிருச்சு. இன்னும் சின்னச்சின்னதா மஞ்சக்கரு கொத்தா கெடக்கு.” என்னைப் பார்க்காமலே தொடர்ந்தார். “முட்ட ஒங்களுக்குன்னுதானே பேச்சு. அதான் கொண்டாந்தேன்.”

சரசு அதை வாங்கிக் கையில் வைத்திருந்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

“இன்னும் சூடா இருக்கு,” என்றாள். அவ்வளவுதான்.

கொல்லையில் இட்டிருந்த என் ஆராய்ச்சிக் கதிரையை உள்ளே எடுத்து வந்தேன்.

மறுநாள் விடியலில் எங்கள் கொல்லையிலிருந்து துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் ஓர் ஒலி எழுந்தது. மீண்டும் எழுந்தது. மூன்றாம் முறை அது ஐயத்துக்கிடமின்றிக் கூவலாயிற்று. போட்டிக்கு இருந்த வலிய கறுப்பு போனதும் வெள்ளைக்குத் துணிவு வந்திருக்க வேண்டும். பூசைக்குப் புதுச்சட்டை அணிந்து நின்ற செபஸ்தியான் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“சேர், ஒங்க மெல்லியலாள் கூப்புடுறா.”

(சிரிக்காமல் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.)

ஒப்பந்தப்படி அச்சேவலை அவருக்கே கொடுக்க முன்வந்தேன். “வேணாம் சேர்,” என்றார். “இத அறுத்தா உள்ள என்ன இருக்குமோ.”

ஆகவே அது எங்களோடுதான் வாழ்கிறது, நாள்தோறும் கூவுகிறது, முட்டை கடையிலிருந்து வருகிறது. எங்கள் உறவில் எவர் கருவுற்றாலும், வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்ற பேச்சு எழும்போதெல்லாம் என் மருமகன் ஒன்று சொல்வார்: “யாரை வேணும்னாலும் கேளுங்க, மாமாவ மட்டும் கேட்டிறாதீங்க.” கூடம் முழுவதும் சிரிப்பு எழும். நானும் சிரிப்பேன், அதற்குத் தகுதியானவனே நான். சரசு மட்டும் அப்போது தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.