எருக்குழியில் இறங்கிய ஆறு சிலிண்டர்

நிம்மதியாக இருப்பது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. நல்ல வேலை கிடைத்த மறுவாரமே அடுத்த வேலையைத் தேட ஆரம்பிப்பேன். ஓட்டலில் தோசை சொல்லிவிட்டுப் பக்கத்து மேசைக்காரரின் பூரியையே பார்த்துக்கொண்டிருப்பேன். (கல்யாணம் மட்டும் விதிவிலக்கு என்று எழுதச் சொல்லி என் கணவர் தயாளன் பின்னால் நிற்கிறார். எழுதிவிட்டேன்.)

இந்த வியாதி முற்றிப்போய் என்னை ஊர் நடுவே நிறுத்தி வைத்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது பெங்களூரில் எங்கள் இருவருக்கும் சாஃப்ட்வேர் வேலை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெளிநாட்டு எஸ்யூவி ஒன்று வைத்திருந்தோம். டீசல், நாலு சிலிண்டர். தோல் சீட்டு, கண்ணாடிக் கூரை எல்லாம் உண்டு. ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். குறை சொல்ல ஒன்றுமே இல்லாத காரை வைத்துக்கொண்டு ஒருத்தி எத்தனை நாள்தான் இருப்பாள்?

ஒரு நாள் போனில் அந்தக் காரின் அண்ணனைப் பார்த்துவிட்டேன். அதே கம்பெனி, அதே உருவம். ஆனால் பெட்ரோல், ஆறு சிலிண்டர், ஏறக்குறைய இரண்டு மடங்கு ஹார்ஸ்பவர். கருநீல நிறம். திருப்பதியில் பழைய சொகுசுக் கார்கள் விற்கும் சுதாகர் என்பவரிடம் நின்றிருந்தது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மீட்டிங்கில் மேனேஜர் பேசிக்கொண்டிருக்க, மேசைக்கு அடியில் அதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். தாளிக்கும்போது அதையே நினைப்பேன், கடுகு கருகும். காலையில் வாங்கிவிடலாம் என்பேன், மத்தியானம் வேண்டாம் என்பேன், சாயங்காலம் தயாளனோடு சண்டை போடுவேன்.

“அவ்ளோ வேகம் எதுக்கு? ஆபீஸ் ரோட்டுல ஆட்டோவே நம்மள முந்திக்கினு போவுது” என்பார்.

“வேகத்துக்கு இல்ல. பவர் இருக்குதுன்ற நிம்மதிக்கு.”

“நிம்மதியா? உனக்கா?”

கடைசியில், ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது என்று ஒத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை திருப்பதி போனோம். சுதாகர் தெலுங்கையும் தமிழையும் கலந்தே பேசுவார். “தெருவுல ஒரு ரவுண்டு அடிச்சா ஏமி தெரியும் மேடம்? மீ ஊருக்கே எடுத்துனு போங்க. உங்க வண்டி இங்க நிக்கட்டும். சாயந்திரம் வந்து வேணுமா வேணாமா செப்பண்டி” என்று சாவியை நீட்டினார்.

என் ஊர் பாலசமுத்திரம் பக்கம். அம்மாவுக்குப் போன் போட்டு, “ஒரு வண்டி பாத்துக்கினு இருக்கோம்மா. இன்னும் வாங்கல. அதுலதான் சாப்பாட்டுக்கு வர்றோம்” என்று தெளிவாகச் சொன்னேன். அம்மாவும் தெளிவாகவே கேட்டுக்கொண்டாள். ஆனால் வாங்காத வண்டியில் ஊருக்கு வருவது என்ற வழக்கமே எங்கள் பக்கம் கிடையாது. வண்டி வருகிறது என்றால் பூஜை உண்டு, அவ்வளவுதான்.

புத்தூர் தாண்டி ரோடு காலியாக இருந்தது. ஸ்போர்ட்ஸ் மோடில் போட்டு மிதித்தேன். முதுகு சீட்டோடு ஒட்டியது. தயாளன் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். (பாட்டு என்கிறார். எனக்குக் கந்தசஷ்டி கவசம் போலத்தான் கேட்டது.) வாங்கிவிடலாம் என்று பாதி முடிவு செய்தேன். அடுத்த வளைவில் வேண்டாம் என்று தோன்றியது.

ஊருக்குள் நுழைந்தால், மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். பஸ்ஸுக்குப் போடும் அளவில் ஒரு மாலை, பெரிய பூசணிக்காய், தட்டு நிறைய எலுமிச்சம்பழம், மேளக்காரர். நடுவில் என் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்), வெளுத்த வேட்டி, தோளில் புதுத் துண்டு.

“நைனா, இது நம்மளுது இல்ல. ஓட்டிப் பாக்கத்தான் எடுத்தாந்தோம்.”

“பாக்கத்தான் ஊரே வந்துக்கினு இருக்குது. நீ அப்பிடி எறங்கி நில்லு.”

அப்போதே கத்திச் சொல்லியிருக்கலாம். அதற்குள் முனிரத்தினம் வந்துவிட்டார். அவர் குடும்பத்து மாந்தோப்புக்குத்தான் நைனா வாலிப வயதில் கூலிக்குப் போனார். இப்போது அதை ஒட்டியே எங்களுக்கும் ஒரு துண்டு தோப்பு உண்டு. முனிரத்தினம் பானெட்டைத் தடவிப் பார்த்து, “இன்னாய்யா, உம் பொண்ணு கப்பலையே வாங்கிக்கினு வந்துட்டா?” என்றார். நைனா துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். அவ்வளவு பெருமையான முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதற்குமேல் உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. (எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.)

மஞ்சளைக் குழைத்துப் பானெட்டில் பட்டையாகப் பூசினார்கள். கண்ணாடியில் குங்குமம். “அடுத்தவன் காருடி” என்று தயாளன் காதோரம் அழாத குறையாகச் சொன்னார். சூடம் காட்டினார்கள். பூசணிக்காயை வண்டிக்கு முன்னால் போட்டு உடைத்தார்கள். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, “ஏறி முன்னாடி எடும்மா” என்றார் நைனா.

எங்கள் பழைய காரை ஓர் அழுத்து அழுத்தினால்தான் அசையும். அந்தக் கணக்கிலேயே அழுத்தினேன். ஸ்போர்ட்ஸ் மோடை எடுக்கவில்லை என்பது அடுத்த நொடிதான் நினைவுக்கு வந்தது.

எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை, பின்பக்கமாகப் பறந்தது. ஒன்று நேராகப் போய் மேளத்தின் மேல் விழுந்தது. ஜனங்கள் நாலு பக்கமும் குதித்தார்கள். பிரேக்கை மிதித்தேன். பூசணிச் சதையில் சக்கரம் வழுக்கிக்கொண்டு போய், கோயிலுக்கு எதிரே இருந்த எங்கள் வீட்டு எருக்குழியில் கார் மூக்கை நுழைத்து நின்றது. நல்லவேளை, ஒருவருக்கும் அடியில்லை. பதற்றத்தில் மேளக்காரர் இன்னும் வேகமாக வாசித்தார்.

அம்மா ஓடிவந்து கதவைத் தட்டினாள். “காலைல துன்னியா இல்லியா? கண்ண இருட்டிக்கினு வந்துச்சா?”

ரிவர்ஸ் போட்டேன். சக்கரம் சுழன்றதே தவிரக் கார் அசையவில்லை. எங்கிருந்தோ தெறித்த சாணி முனிரத்தினத்தின் வெள்ளைச் சட்டையில் பட்டது. ஊரில் இருந்த ஒரே டிராக்டர் கரும்பு லோடோடு போயிருந்தது. வேறு வழியில்லாமல் சுதாகருக்குப் போன் செய்து, என்ன நடந்தது என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

அவர் கையில் கிடைத்த சாவியை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பியிருக்கிறார். அது எங்கள் பழைய காரின் சாவி. வந்து இறங்கியவர் மஞ்சளைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், எருவைப் பார்த்தார். “மேடம், டெஸ்ட் டிரைவ்னா இது இல்ல” என்றார்.

போர்வெல் மோட்டார் தூக்கும் கயிறு ஒன்று கிடைத்தது. சுதாகரின் கார் பின்னால் ஒரு முனையையும் எங்கள் பழைய காரில் மறு முனையையும் கட்டினார்கள். தயாளன் ஓட்டினார். நான் மாதக்கணக்கில் மட்டமாகப் பேசிய அந்த நாலு சிலிண்டர் டீசல், சத்தமில்லாமல், மாடு போல நிதானமாக, தன் அண்ணனை எருக்குழியிலிருந்து இழுத்து ரோட்டில் விட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஆள் இல்லையென்றால் அந்தக் காரைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

முனிரத்தினம் சட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “இன்னாய்யா கூத்து இது? புது வண்டியப் பழைய வண்டி இழுக்குது. உம் பொண்ணு எதத்தான் வாங்கிக்கினு வந்தா?”

ஊரே நைனாவைப் பார்த்தது. எருக்குழியில் போனது கார் மட்டுமில்லை, நைனாவின் மானமும்தான் என்று நினைத்தேன்.

நைனா துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டார். “ரெண்டையும் எடுத்தாரச் சொன்னதே நாந்தான். மாட்டையே இழுக்கவுட்டுப் பாத்துதான புடிக்கிறோம்? இவ்ளோ பெரிய வண்டியச் சும்மா வாங்கிட முடியுமா? குழில எறக்குனோம், கட்டி இழுத்தோம். எது இழுத்துச்சோ அதான் நம்மளுது. டேய், இன்னொரு பூசணிக்கா எட்துக்கினு வா!”

நான் மாதக்கணக்கில் எடுக்க முடியாத முடிவு அது. மாலையைக் கழற்றிப் பழைய காருக்குப் போட்டார்கள். இந்த முறை தயாளன்தான் ஓட்டினார். நாலு பழமும் ஒழுங்காக நசுங்கின. சுதாகரின் காரைக் கழுவிச் சரிசெய்த செலவு எங்களுடையது. அந்தத் தொகையைத் தயாளன் எந்தச் சண்டையிலும் மறக்காமல் சொல்வார்.

எங்கள் பழைய கார் இன்னும் ஓடுகிறது. ஊரில் நைனா சொன்னதுதான் சரித்திரம். அதில் நான் ஸ்போர்ட்ஸ் மோடில் பாய்ந்தது கிடையாது, அவர்தான் அளந்து பார்த்துக் குழியில் இறக்கச் சொன்னார். எங்கள் பக்கம் யார் பழைய பைக் வாங்கினாலும், “எருக்குழில எறக்கிப் பாத்தியா?” என்று கேட்காமல் விடுவதில்லை.

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது, வாசலில் உட்கார்ந்து புதிதாக வந்திருக்கும் ஒரு எலெக்ட்ரிக் எஸ்யூவியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மாதான். நைனா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்த அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்.

“ஏமே, எருக்குழியக் காலி பண்ணி வெய்யி. உம் பொண்ணு மறுபடியும் படம் பாத்துக்கினு இருக்கறா.”