ஓரகத்தி தலையும் என் தலையும்

நகை, வீடு, மாப்பிள்ளை என்று பொறாமைப்பட உலகத்தில் எத்தனையோ இருக்க, நான் பொறாமைப்பட்டது தலைமுடி மேல். அதுவும் ஓரகத்தியின் தலைமுடி. என் கணவரின் அண்ணன் மனைவியான கோமளா அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒரு முடி நரைக்கவில்லை. (ஒழுங்காக எண்ணெய்கூட வைக்க மாட்டார், அதுதான் வயிற்றெரிச்சல்.) எனக்கோ நாற்பதிலேயே தலை பஞ்சாகிவிட்டது.

என் மகளைப் பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மாள், அக்காவைக் காட்டி என்னிடம், "இவங்க உங்க தங்கச்சிங்களா?" என்று கேட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிச்சயதார்த்தத்துக்குள் தலையைக் கருப்பாக்கி, அந்தம்மாள் வாயாலேயே அக்காவை மூத்தவர் என்று சொல்ல வைப்பதென்று முடிவு செய்தேன்.

நாட்டு மருந்துக் கடைக்காரர், "மொதல்ல மருதாணிமா. அலசிட்டு அது மேல அவுரி. அப்பதான் கருப்பு ஏறும்," என்றார். நான் கேட்டால்தானே! மருதாணி போட்டால் வெயிலில் செம்பட்டை தெரியும், அக்கா கண்டுபிடித்துவிடுவார். நிச்சயதார்த்தத்தன்று காலையில் அவுரியை மட்டும் குழைத்து அப்பிக்கொண்டேன்.

அலசிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், நீலச் சாயம் எடுக்கிற அவுரி தன் புத்தியைக் காட்டி, தலை நீலமும் பச்சையுமாக இருந்தது. சீயக்காய் தீர்ந்ததே தவிர நிறம் அசையவில்லை. (நல்ல கெட்டிச் சாயம்!)

வேறு ஊரென்றால் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்திருப்பார்கள். இது காஞ்சிபுரம். இரண்டு வீட்டாரும் பட்டு நெய்கிறவர்கள். நிறம் என்று வந்துவிட்டால் வாய் சும்மா இருக்காது.

"இன்னா கலருங்க இது, ராமர் பச்சையா?" என்றார் சம்பந்தி.

"வெளிச்சத்துல பாருங்க, நீலம் ஓடுது. மயில் கழுத்து," என்று என் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார் என் கணவர். (கட்டின புருஷன்!)

தட்டு மாற்ற வேண்டியவர்கள் என் தலையைச் சுற்றி நின்று வழக்காடினார்கள். மகள் அழாக்குறையாக உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சம்பந்தியம்மாள் அக்காவின் கையைப் பிடித்து, "உங்க அக்காகிட்ட சொல்லுமா, வயசான காலத்துல இதெல்லாம் வேணாம்னு," என்றார்.

அதோடு விட்டார்களா? மறுநாள் அக்கா கத்திரிக்கோலோடு வந்து நின்றார். "கொஞ்சம் முடி குடுமா. கல்யாணத்துக்கு இதே கலர்ல ஒரு பொடவ நெய்துக்கலாம்னு இருக்கேன். சாயக்காரரு சாம்பிள் கேக்கறாரு."

கொடுத்தேன். கல்யாணத்தில் அதைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார், வாடாமல்லி பார்டரோடு. மண்டபமே திரும்பிப் பார்த்தது. இன்றைக்கும் அந்த நிறம் தறியில் ஏறினால் அக்காவின் பிள்ளைகள் அதைச் 'சின்னம்மா தலை' என்றுதான் சொல்வார்கள். தலை என்னுடையதுதான். எடுப்பாக இருந்ததென்னவோ அவருக்கு.